ஒரு மில்லிமீட்டரின் வரலாறு: பேசிங்ஸ்டோக் முதல் மெர்க்குரி ஆய்வு வரை

மலக்குடலில் இருப்பது புற்றுநோய்தான் என்று பயாப்சி உறுதி செய்ததும் நோயாளியின் வீட்டார் கேட்கும் முதல் கேள்வி, “ஆபரேஷன் எப்போது டாக்டர்?” என்பதுதான். மருத்துவர் தமக்குள் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி அதற்கும் முந்தையது. இப்போதே அறுத்தால் கட்டி முழுதாக வெளியே வந்துவிடுமா, இடுப்புக்குழியின் ஓரத்தில் ஒரு துளி தங்கிவிடுமா? தங்கிவிட்டால் சில ஆண்டுகளில் அதே இடத்தில் நோய் திரும்பும். திரும்பி வரும் கட்டி எலும்பையும் நரம்பையும் சிறுநீர்ப்பையையும் பற்றிக்கொள்ளும். அந்த வலி மருந்துக்கு எளிதில் அடங்காது. மறு அறுவைக்கும் பெரும்பாலும் வழியிருக்காது.

இந்தக் கேள்விக்கு இன்று அரைமணி, முக்கால் மணி நேரம் பிடிக்கும் ஓர் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் பதில் சொல்கிறது. முதலில் கதிர்வீச்சு கொடுப்பதா, அதனுடன் கீமோவும் சேர்ப்பதா, நேரே அறுவைக்குப் போவதா என்பதை அந்தப் பதிலை நம்பித்தான் முடிவு செய்கிறோம். எந்திரம் வாங்கி வைத்ததும் கூடவே வந்த நம்பிக்கை அன்று இது. இங்கிலாந்தின் ஒரு சிறுநகர மருத்துவமனையிலும், லீட்ஸ், கார்டிஃப், லண்டன், மாஸ்ட்ரிக்ட் நகரங்களின் ஆய்வுக்கூடங்களிலும் கால் நூற்றாண்டுக்கு மேல் நடந்த உழைப்பு அதற்குப் பின்னால் இருக்கிறது. படத்தைப் பார்த்தவர் தாம் கண்டதை அறுவைக்கு முன்பே எழுதி வைத்தார். அறுவைக்குப் பின் நோய்க்கூற்றியல் வல்லுநர் அதைத் திசுவில் சரிபார்த்தார். எழுதியதற்குப் பொறுப்பேற்கும் இந்தப் பழக்கமே அந்த நிறுவனங்கள் மருத்துவ உலகுக்குத் தந்த பெருங்கொடை. கதிரியலாரும் அறுவை வல்லுநரும் நோய்க்கூற்றியலாரும் ஒன்றுகூடும் விழாவின் மலரில் அந்த வரலாற்றைப் பதிவு செய்வது பொருத்தமானது.

கவனிக்கப்படாத பக்கவாட்டு

மலக்குடல் புற்றுநோய் அறுவையின் நவீன காலம் 1908-இல் தொடங்குகிறது. லண்டனில் பணியாற்றிய எர்னஸ்ட் மைல்ஸ், ஆசனவாய்ப் பகுதி வழியாக மட்டும் அறுத்துத் தாம் சிகிச்சை செய்தவர்களைத் தொடர்ந்து கவனித்தார். 57 பேரில் 54 பேருக்கு நோய் திரும்பியிருந்தது. அந்தக் கணக்கை மறைக்காமல் முன்வைத்து, வயிற்று வழியாகவும் கீழ்ப்பகுதி வழியாகவும் சேர்ந்து மலக்குடல் முழுவதையும் அகற்றும் முறையை அவ்வாண்டு ‘லான்செட்’ இதழில் வெளியிட்டார். பலர் உயிர் பிழைத்தார்கள். ஆனால் பிழைத்தவர் வாழ்நாள் முழுவதும் வயிற்றில் மலப்பை கட்டிக்கொண்டு வாழ வேண்டியிருந்தது.

1932-இல் லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையின் நோய்க்கூற்றியல் வல்லுநர் கத்பர்ட் டியூக்ஸ், அகற்றிய குடலைப் பார்த்து நோயை மூன்று படிகளாகப் பிரித்தார். குடல் சுவருக்குள் நிற்பது முதல் படி; சுவரைத் தாண்டியது இரண்டாம் படி; நிணநீர்க் கணுக்களை எட்டியது மூன்றாம் படி. நோயாளியின் எதிர்காலத்தைக் கணிக்க உலகமே இந்தப் பிரிப்பைப் பயன்படுத்தியது. ஆயினும் அந்தக் கணிப்பு அறுவைக்குப் பிறகே கிடைத்தது. ஆபத்து எவ்வளவு என்று தெரியும்போது அறுவை முடிந்திருக்கும். சிகிச்சையின் வரிசையை மாற்ற வழியிராது.

இன்னொரு குறையும் இருந்தது. கட்டிக்கு மேலே எத்தனை சென்டிமீட்டர், கீழே எத்தனை சென்டிமீட்டர் நல்ல குடலைச் சேர்த்து வெட்டினோம் என்று அறுவை நிபுணர்கள் கவனமாக அளந்தார்கள். கட்டியின் பக்கவாட்டில் எவ்வளவு இடைவெளி விட்டு வெட்டினோம் என்று கேட்டவர் மிகக் குறைவு. இடுப்புக்குழியின் ஆழத்துக்குள் கையை விட்டு, விரலால் தடவிப் பிரித்து மலக்குடலை வெளியே எடுப்பதுதான் அன்றைய பழக்கம். 1970-களில் பல மருத்துவமனைகளில் நூற்றுக்கு இருபது பேருக்கும் மேலாக அதே இடத்தில் நோய் திரும்பியது. கட்டியின் முரட்டுக் குணம் என்று அதற்குக் காரணம் சொல்லிக்கொண்டார்கள்.

ஒரு சிறுநகர மருத்துவமனை

லண்டனுக்குத் தென்மேற்கே ஹாம்ப்ஷயரில் உள்ள ஊர் பேசிங்ஸ்டோக். பல்கலைக்கழகப் பெருமையோ பழம்பெரும் மருத்துவக் கல்லூரியோ அங்கே இல்லை. இருந்தது மாவட்ட அளவிலான ஒரு பொது மருத்துவமனை. அதில் அறுவை நிபுணராக இருந்த பில் ஹீல்ட், நோய் திரும்புவதற்குக் கட்டியின் குணம் மட்டுமே காரணமாக இருக்க முடியாது, வெட்டும் தளத்திலும் பிழை இருக்க வேண்டும் என்று எண்ணினார்.

மலக்குடலைச் சுற்றிக் கொழுப்புத் திசு உண்டு. இரத்தக் குழாய்களும் நிணநீர்க் கணுக்களும் அதற்குள்தான் இருக்கின்றன. இதை மீசோரெக்டம் என்பார்கள். அதை முழுதாகப் போர்த்தியபடி மிக மெல்லிய உறை ஒன்று இருக்கிறது. நுங்கின் மேலுள்ள மெல்லிய தோல் கிழியாமல் எடுத்தால் உள்ளிருக்கும் நீர் சிந்தாது; நகம் பட்டால் சிந்திவிடும். இந்த உறையும் அப்படித்தான். கரு வளரும்போதே உண்டான இந்த உறைக்கு வெளியே, இரத்தக் குழாய் அதிகமில்லாத ஒரு தளம் இருக்கிறது. அந்தத் தளத்தில் கண்ணால் பார்த்தபடி, கூர்மையான கருவியால் பிரித்துச் சென்றால் மலக்குடலும் மீசோரெக்டமும் ஒரே பொதியாக வெளியே வரும். இடுப்பின் இருபுறமும் ஓடும் நரம்புகளும் தப்பும். சிறுநீர் கழிப்பதும் இல்லற வாழ்வும் அந்த நரம்புகளை நம்பியே இருக்கின்றன.

1982-இல் ‘பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் சர்ஜரி’யில் ஹீல்டும் அவருடைய தோழர்களும் எழுதிய கட்டுரை இந்தத் துறையின் திருப்புமுனை. கட்டியின் கீழ் விளிம்புக்கும் சில சென்டிமீட்டர் கீழே, மீசோரெக்டத்துக்குள் நுண்ணிய புற்றுத் துணுக்குகள் கிடந்ததை ஐந்து நோயாளிகளின் திசுக்களில் அவர்கள் காட்டினார்கள். கொழுப்பைப் பாதியில் வெட்டிவிட்டால் இந்தத் துணுக்குகள் உள்ளேயே நின்றுவிடும். ஆகவே மீசோரெக்டத்தை முழுதாக அகற்ற வேண்டும் என்றார்கள். இன்று டி.எம்.இ. என்று உலகமெங்கும் அறியப்படும் அறுவை இதுதான். அந்தத் தளத்தை ஹீல்ட் 1988-இல் ‘புனிதத் தளம்’ என்றே எழுதினார். குடலைத் தாழ்வான இடத்தில் இணைக்கும் ஸ்டேப்ளர் கருவிகளும் அக்காலத்தில் பரவியதால், நிரந்தர மலப்பையிலிருந்து எண்ணற்றோர் விடுபட்டார்கள்.

தாம் கண்டதை ஹீல்ட் தம் ஊருக்குள் பூட்டி வைக்கவில்லை. பல நாடுகளுக்குப் போய், அங்குள்ள அறுவை அரங்குகளிலேயே அறுத்துக் காட்டினார். 1990-களின் நடுவில் ஸ்டாக்ஹோம் மாவட்டத்தில் நடந்த பயிற்சி அதற்குச் சிறந்த சான்று. அதற்கு முன் அங்கே நடந்த இரண்டு ஆய்வுகளில் நூற்றுக்கு 15 பேருக்கும் 14 பேருக்கும் இடுப்பில் நோய் திரும்பியிருந்தது. பயிற்சிக்குப் பின் அது 6 ஆகக் குறைந்தது. புதிய மருந்து எதுவும் வரவில்லை. கைப்பழக்கம் மாறியதற்கே இத்தனை பலன்.

லீட்ஸின் வெட்டு மேசை

1980-களில் வடக்கே லீட்ஸ் நகரில் ஃபில் குவர்க் என்ற நோய்க்கூற்றியல் வல்லுநர், அறுத்தெடுத்த குடலைப் பார்க்கும் முறையையே மாற்றினார். அவர் வகுத்த வழியின் வளர்ந்த வடிவத்தைத்தான் இன்று உலகின் பல ஆய்வகங்களில் காண்கிறோம்.

அறுவை அரங்கிலிருந்து வரும் குடலை உடனே கிழித்துத் திறப்பதில்லை. முன்புறம், பின்புறம் என்று படம் எடுக்கிறார்கள். உறை முழுதாக இருக்கிறதா, எங்காவது குழி விழுந்து கொழுப்பு பிய்ந்திருக்கிறதா என்று பார்த்துத் தரம் எழுதுகிறார்கள். வெளிப்பரப்பு முழுவதும் மை பூசுகிறார்கள். ஃபார்மலினில் ஊறி இறுகியபின், கட்டியுள்ள பகுதியைக் குறுக்காக, சில மில்லிமீட்டர் கனமுள்ள வில்லைகளாக அறுத்து வரிசையாக அடுக்குகிறார்கள். ஒவ்வொரு வில்லையிலும் நடுவில் குடல், அதைச் சுற்றி மஞ்சள் கொழுப்பு, வெளி ஓரத்தில் மையின் கோடு. கட்டியின் கடைசி விளிம்புக்கும் அந்த மைக் கோட்டுக்கும் எவ்வளவு தூரம் என்று நுண்ணோக்கியில் அளக்கிறார்கள். ஒரு மில்லிமீட்டர் அல்லது அதற்கும் குறைவு என்றால் விளிம்பில் நோய் இருப்பதாகவே கொள்கிறார்கள்.

1986-இல் ‘லான்செட்’ வெளியிட்ட குவர்க் குழுவின் ஆய்வில் 52 நோயாளிகள். அவர்களில் 14 பேருக்குப் பக்கவாட்டு விளிம்பில் புற்று இருந்தது. அந்தப் பதினால்வரில் பெரும்பாலோருக்கு இடுப்பில் நோய் திரும்பியது. கட்டியின் முரட்டுக் குணம் என்று சொல்லி வந்ததில் பெரும்பகுதி, உள்ளே விட்டுவிட்டு வந்த நோய்தான் என்பது அதனால் தெளிவாயிற்று. பிற்காலத்தில் 1,156 நோயாளிகளின் குடல்களை ஆராய்ந்து 2009-இல் வெளியான முடிவும் இதையே சொன்னது. உறை முழுதாக வந்தவர்களில் மூன்று ஆண்டுகளில் நூற்றுக்கு 4 பேருக்கு அதே இடத்தில் நோய் திரும்பியது. கொழுப்புக்குள் வெட்டியவர்களில் அது 7. குடல் தசைவரை வெட்டிச் சென்றவர்களில் 13.

இப்போது அறுவைக்குச் சரியான தளம் தெரிந்தது. விளிம்பை அளக்கும் முறையும் கிடைத்தது. எஞ்சியிருந்த கேள்வி ஒன்றுதான்: அந்த ஒரு மில்லிமீட்டரைக் கத்தி படுவதற்கு முன்பே பார்க்க முடியுமா?

காந்தம் கண் திறந்தது

காந்தப் புலத்தைக் கொண்டு உடலுக்குள் படம் எடுக்கலாம் என்று அமெரிக்காவின் பால் லாட்டர்பர் 1973-இல் காட்டினார். நாட்டிங்ஹாமின் பீட்டர் மான்ஸ்ஃபீல்ட் அதை வேகமான, பயனுள்ள முறையாக வளர்த்தார். இருவருக்கும் 2003-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஸ்காட்லாந்தின் அபர்டீனில் ஜான் மல்லார்டு குழு 1980 ஆகஸ்டு மாதம் ஒரு நோயாளிக்கு எடுத்த முழு உடல் படம், மருத்துவத்தில் எம்.ஆர்.ஐ.யின் பயனை நிலைநாட்டிய தொடக்கங்களில் ஒன்று.

ஆனால் அக்கால எந்திரங்களில் மலக்குடலைச் சுற்றிய மெல்லிய உறை தெரியவில்லை; படம் அவ்வளவு கரடுமுரடாக இருந்தது. சி.டி. ஸ்கேனிலும் குடல் சுவரின் அடுக்குகள் பிரிந்து தெரியவில்லை. ஆசனவாய் வழியாக வைக்கும் அல்ட்ராசவுண்டு கருவி, தொடக்க நிலைக் கட்டிகளுக்கு நன்றாக உதவியது. ஆனால் தொலைவில் உள்ள உறையை அது காட்டாது. கட்டி குடலை அடைத்திருந்தால் கருவியே உள்ளே போகாது. குடலுக்குள் வைக்கும் எம்.ஆர்.ஐ. காயிலுக்கும் அதே சிக்கல். 1990-களில் இடுப்பின் மேல் வைத்துக் கட்டும், பல சுருள்கள் சேர்ந்த காயில்கள் வந்தபோதுதான் நோயாளிக்குத் தொந்தரவில்லாமல் நுட்பமான படம் எடுக்க முடிந்தது.

அந்த வாய்ப்பை முதலில் சரியாகப் பிடித்துக்கொண்டவர்களில் தலையானவர் வேல்ஸ் நாட்டுக் கார்டிஃப் நகரில் பணியாற்றிய கதிரியல் மருத்துவர் ஜீனா பிரவுன். 1999-இல் ‘ரேடியாலஜி’ இதழில் வெளிவந்த அவருடைய கட்டுரை 28 நோயாளிகளைப் பற்றியது. எண்ணிக்கை சிறிது, செய்த விதம் பெரிது. மூன்று மில்லிமீட்டர் கனமுள்ள மெல்லிய குறுக்குவெட்டுப் படங்களை அவர் எடுத்தார். குவர்க் வகுத்த முறையில் குடலையும் குறுக்காக அறுத்ததால், படத்தின் ஒரு வெட்டையும் திசுவின் ஒரு வில்லையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடிந்தது. இரண்டும் பெரிதும் ஒத்துப்போயின.

2001-இல் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்டிலிருந்து ரெஜினா பீட்ஸ்-டான் குழு, 76 நோயாளிகளின் அனுபவத்தை ‘லான்செட்’டில் வெளியிட்டது. படத்தில் குறைந்தது ஐந்து மில்லிமீட்டர் இடைவெளி தெரிந்தால்தான் திசுவில் ஒரு மில்லிமீட்டர் விளிம்பை உறுதியாக எதிர்பார்க்கலாம் என்பது அவர்கள் கருத்து. ஐந்தா, ஒன்றா என்ற இந்த வாதம் வெறும் எண் விளையாட்டு அன்று. ஐந்து என்று வைத்தால் தேவையில்லாத பலர் கதிர்வீச்சுக்குப் போவார்கள். ஒன்று என்று வைத்து அது தவறினால் சிலருக்கு இடுப்பிலேயே நோய் நிற்கும். தீர்த்து வைக்க ஒரு பெரிய ஆய்வு தேவைப்பட்டது.

மெர்க்குரி

அந்த ஆய்வுக்குக் களம் அமைத்தது மீண்டும் பேசிங்ஸ்டோக்தான். ஹீல்டும் கல்லீரல் அறுவை நிபுணர் மிர்டின் ரீஸும் அங்கே உருவாக்கிய பெலிக்கன் அறக்கட்டளை, இடுப்பு, கல்லீரல் புற்றுநோய்களுக்கான ஆராய்ச்சியையும் பயிற்சியையும் தன் பணியாக எடுத்துக்கொண்டது. அதன் ஆதரவில், மலக்குடல் புற்றுநோயில் எம்.ஆர்.ஐ.யின் அளவு நோய்க்கூற்றியலின் அளவுக்கு ஈடாகுமா என்று சோதிக்கும் ஐரோப்பிய ஆய்வு தொடங்கியது. அதற்கு மெர்க்குரி என்று பெயர்.

2002 ஜனவரி முதல் 2003 அக்டோபர் வரை, நான்கு நாடுகளின் 11 மையங்களில், 408 நோயாளிகள் ஆய்வுக்குள் வந்தார்கள். கதிரியலார், அறுவை வல்லுநர், நோய்க்கூற்றியலார் மூவரும் பயிலரங்குகளில் ஒரே முறையைக் கற்றுக்கொண்டார்கள். எல்லா மையங்களும் ஒரே வகைப் படம், ஒரே வகை அறுவை, ஒரே வகை வெட்டு என்று நடந்தன. விளிம்பு தெளிவாக இருக்குமா, இருக்காதா என்று கதிரியல் மருத்துவர் அறுவைக்கு முன்பே எழுதிக் கொடுத்தார். பிறகு மாற்ற முடியாது.

2006-இல் ‘பி.எம்.ஜே.’ இதழில் முடிவு வந்தது. 408 பேரில் 354 பேருக்குத் திசு ஆய்வில் விளிம்பு தெளிவாக இருந்தது. அந்த 354 பேரில் 327 பேருக்கு, அதாவது நூற்றுக்கு 92 பேருக்கு, அப்படித்தான் இருக்கும் என்று எம்.ஆர்.ஐ. சரியாக முன்னறிவித்திருந்தது. மறு ஆண்டு வெளியான இன்னொரு கட்டுரை, குடல் சுவரைத் தாண்டிக் கட்டி எவ்வளவு ஆழம் பரவியிருக்கிறது என்பதை ஒப்பிட்டது. படத்தில் அளந்ததற்கும் திசுவில் அளந்ததற்கும் சராசரி வேறுபாடு 0.05 மில்லிமீட்டர். ஈடாகும் என்று நிறுவப்பட்டது.

ஆய்வுக் குழு அத்துடன் கலைந்துவிடவில்லை. அதே நோயாளிகளில் 374 பேரை ஆண்டுக்கணக்காகத் தொடர்ந்து பார்த்தது. 2011-இல் வந்த கணக்கு, ஒரு மில்லிமீட்டரே பாதுகாப்பான எல்லை என்று ஐந்து, ஒன்று வாதத்தை முடித்து வைத்தது. 2014-இல் வந்த கணக்கு இன்னும் கனமானது. எம்.ஆர்.ஐ.யில் விளிம்பு தெளிவாகத் தெரிந்தவர்களில் ஐந்தாண்டுகளுக்குப் பின் உயிரோடு இருந்தவர்கள் நூற்றுக்கு 62.2 பேர். விளிம்பைக் கட்டி தொட்டதாகத் தெரிந்தவர்களில் 42.2 பேர். அறுவைக்கு முன் எடுத்த ஒரு படம் ஒருவரின் ஐந்தாண்டு வாழ்வைப் பற்றிப் பேசும் வல்லமை பெற்றுவிட்டது.

திரையில் தெரிவது

இந்த ஸ்கேனுக்கு விலையுயர்ந்த மருந்து எதுவும் ஏற்ற வேண்டியதில்லை. வேண்டியவை பொறுமையும் ஒழுங்கும். நோயாளியை மல்லாக்கப் படுக்கவைத்து இடுப்பின் மேல் காயிலை வைத்துக் கட்டுகிறார்கள். காயில் மேலே ஏறிவிட்டால் கீழ் மலக்குடல் மங்கிவிடும். ஆகவே அது போதிய அளவு கீழிறங்கி இருக்க வேண்டும். முதலில் பக்கவாட்டுப் படம் எடுத்துக் கட்டி எங்கே, குடல் எந்தக் கோணத்தில் வளைகிறது என்று பார்க்கிறார்கள். பிறகு கட்டி இருக்கும் இடத்தில் குடலுக்குச் செங்குத்தாக, மூன்று மில்லிமீட்டர் கனத்தில் வெட்டுப் படங்கள். கோணம் சாய்ந்துவிட்டால் சுவரின் ஓரம் கலங்கும். பரவாத கட்டி பரவியதுபோலத் தோன்றும். டெக்னீஷியன் அந்தச் சில நிமிடங்களில் காட்டும் கவனத்தில் ஒருவரின் சிகிச்சையே மாறிவிடக்கூடும்.

சரியாக எடுத்த படத்தில் மீசோரெக்டக் கொழுப்பு வெளுப்பாகத் தெரியும். குடல் தசை கறுத்த வளையம். கட்டி இரண்டுக்கும் நடுவான சாம்பல் நிறம். வெளுத்த கொழுப்பைச் சுற்றி, மெல்லிய கறுப்புக் கோடாக, ஹீல்ட் கத்தியால் தேடிய அதே உறை. கதிரியல் மருத்துவர் கறுத்த வளையம் எங்கே உடைந்திருக்கிறது என்று பார்க்கிறார். உடைந்த இடத்திலிருந்து சாம்பல் நிறம் கொழுப்புக்குள் எத்தனை மில்லிமீட்டர் போயிருக்கிறது என்று அளக்கிறார். அது கறுப்புக் கோட்டுக்கு ஒரு மில்லிமீட்டருக்குள் வந்துவிட்டதா என்று பார்க்கிறார். கட்டியின் அருகில் ஓடும் நாளம் தடித்து, உள்ளே கறுப்பாக இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறம் தெரிந்தால் புற்று இரத்தக் குழாய்க்குள் நுழைந்துவிட்டது என்று பொருள். நோய் தொலைவுக்குப் பரவும் ஆபத்தை அது எச்சரிக்கிறது.

ஒரே மேசையைச் சுற்றி

இப்படிக் கண்டதைத் தாளில் எழுதிக் கோப்பில் வைத்தால் போதாது என்பதை லண்டன் ராயல் மார்ஸ்டன் மருத்துவமனையைச் சார்ந்த குழு 2006-இல் காட்டியது. ஜீனா பிரவுன் அப்போது அங்கே பணியாற்றினார். முன் சிகிச்சையின்றி நேரே அறுவைக்குப் போனவர்களை அவர்கள் கணக்கெடுத்தார்கள். எம்.ஆர்.ஐ. படத்தைப் பல துறை வல்லுநர்கள் கூடிப் பேசாமல் அறுத்த 62 பேரில் 16 பேருக்கு விளிம்பில் நோய் இருந்தது. கூடிப் பேசியபின் அறுத்த 116 பேரில் ஒருவருக்கு மட்டுமே. கூடிப் பேசி, ஆபத்து உள்ளவர்களை முன்கூட்டியே பிரித்து முன் சிகிச்சைக்கு அனுப்பியதுதான் வேறுபாடு.

நம் ஊர் மருத்துவமனைகளில் ‘டியூமர் போர்டு’ என்று சொல்லும் கூட்டம் இதுதான். இங்கிலாந்து அரசு இதன் மதிப்பை உணர்ந்து, மலக்குடல் புற்றுநோயைப் பார்க்கும் குழுக்களுக்குக் குழுவாகவே பயிற்சி தரும் தேசியத் திட்டத்துக்கு நிதி அளித்தது. அறுவை நிபுணர், கதிரியல் மருத்துவர், நோய்க்கூற்றியல் மருத்துவர், புற்றுநோய் மருத்துவர், செவிலியர் என ஒரே மருத்துவமனையின் குழு ஒன்றாக வந்து அமர்ந்து கற்றது. பயிற்சியின் மையம் பேசிங்ஸ்டோக்.

வேண்டாதவருக்கு வேண்டாம் என்று சொல்லும் துணிவு

இந்த வரலாற்றில் நெஞ்சை நிறைக்கும் பகுதி இது. ஆபத்தைக் கண்டுபிடிக்கும் கருவி, ஆபத்தில்லாதவரைக் காப்பாற்றவும் பயன்பட்டது.

1,861 நோயாளிகளைக் கொண்ட டச்சு ஆய்வு 2001-இல் வெளியானது. டி.எம்.இ. அறுவைக்கு முன் கதிர்வீச்சு கொடுத்தால் இரண்டாண்டுகளில் இடுப்பில் நோய் திரும்புவது 8.2 விழுக்காட்டிலிருந்து 2.4 ஆகக் குறைகிறது என்று அது காட்டியது. அருமையான முடிவுதான். ஆனால் கதிர்வீச்சு இல்லாமலேயே நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் அந்த இரண்டாண்டுகளில் நோய் திரும்பவில்லை என்பதும் அதே கணக்கில் இருக்கிறது. இடுப்புக்குக் கொடுக்கும் கதிர்வீச்சு சும்மா வருவதில்லை. அடிக்கடி மலம் கழிக்க ஓடுவது, அடக்க முடியாமல் போவது, இல்லற வாழ்வு கெடுவது, இளம் பெண்களுக்கு மாதவிடாய் காலத்துக்கு முன்பே நிற்பது என்று வாழ்நாள் துன்பங்கள் அதோடு வரும்.

மெர்க்குரி குழு தன் 374 நோயாளிகளில் 122 பேரைத் தனியே எடுத்துப் பார்த்தது. விளிம்பு தெளிவு, இரத்தக் குழாய்க்குள் நோய் இல்லை, சுவரைத் தாண்டிய ஆழம் ஐந்து மில்லிமீட்டருக்கும் குறைவு என்று எம்.ஆர்.ஐ. சொன்னவர்கள் அவர்கள். நிணநீர்க் கணு எப்படித் தெரிந்தாலும் கணக்கில் சேர்த்தார்கள். கதிர்வீச்சின்றி அறுவை மட்டும் செய்த அவர்களில் நூற்றுக்கு மூன்று பேருக்கே இடுப்பில் நோய் திரும்பியது. 2011-இல் இது வெளியானது. கனடாவில் இதே வழியில் 82 பேரை நேரே அறுவைக்கு அனுப்பிய ஆய்வில் நான்கு பேருக்கு மட்டுமே விளிம்பில் நோய் இருந்தது. அது 2019-இல் வெளிவந்தது.

2011-ஆம் ஆண்டு நவம்பரில், மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு, மலக்குடல் புற்றுநோய் உள்ள எல்லோருக்கும், தடை ஏதும் இல்லையென்றால், நோய் திரும்பும் ஆபத்தைக் கணிக்க எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும் என்று வழிகாட்டியது. ஆபத்தைக் குறைவு, நடுத்தரம், மிகுதி என்று பிரித்தது. 28 பேரில் தொடங்கியது பன்னிரண்டே ஆண்டுகளில் ஒரு நாட்டின் நடைமுறையாயிற்று.

இன்னும் தீராதவை

எல்லாம் முடிந்துவிட்டது என்று இத்துறையினர் ஒருநாளும் சொல்லிக்கொள்ளவில்லை. கீழ் மலக்குடலில் மீசோரெக்டம் குறுகி ஒன்றுமில்லாமல் போகிறது. அங்கே விளிம்பைக் காப்பது கடினம். அதற்கென்றே இரண்டாம் மெர்க்குரி ஆய்வு நடந்தது. 2016-இல் வந்த அதன் முடிவில் 279 பேரில் நூற்றுக்கு 9 பேருக்கு விளிம்பில் நோய் இருந்தது. நிணநீர்க் கணுவின் அளவை மட்டும் பார்த்து அதில் புற்று இருக்கிறதா என்று எம்.ஆர்.ஐ.யால் உறுதியாகச் சொல்ல முடியாது. மிகத் தொடக்க நிலைக் கட்டிகள் குடல் சுவரின் எந்த அடுக்குவரை போயிருக்கின்றன என்று பிரித்துச் சொல்வதும் கடினம். கதிர்வீச்சுக்குப் பின் எஞ்சி நிற்பது தழும்பா, கட்டியா என்பது இன்றும் திறமையைச் சோதிக்கும் கேள்வி.

அந்தக் கேள்விக்கு இப்போது பெரிய பொருள் வந்திருக்கிறது. பிரேசிலின் சாவோ பாவுலோவில் ஆஞ்செலிட்டா ஹாபர்-காமா, கதிர்வீச்சும் கீமோவும் பெற்ற 265 பேரில் 71 பேருக்குக் கட்டி முழுதாக மறைந்ததைக் கண்டு, அவர்களை அறுக்காமல் நெருங்கிக் கண்காணித்தார். 2004-இல் அவர் வெளியிட்ட அந்த அனுபவம் உலகின் பல மையங்களை அதே வழியில் சிந்திக்கத் தூண்டியது. அந்தக் கண்காணிப்பின் கண்களில் ஒன்று எம்.ஆர்.ஐ. டி.எம்.இ.யைத் தந்த ஹீல்டே பின்னாளில் லிஸ்பனில் உள்ள சாம்பலிமோ மையத்தில் பணியாற்றி, அறுவையைத் தவிர்க்கும் இந்த வழியை மனமார ஆதரித்தார். நோயாளிக்கு நல்லது எதுவோ அதன் பக்கம் தம் துறையையே திருப்பிய பெருந்தன்மை அது.

நாம் ஏற்க வேண்டியது

நம் ஊரில் மலத்தோடு இரத்தம் வந்தால் ‘மூலம்’ என்று முடிவு கட்டிக்கொண்டு, மாதக்கணக்கில் கைவைத்தியம் பார்ப்பவர்கள் ஏராளம். பரிசோதித்துக்கொள்ளும்படி அவர்களிடம் சொல்வது நம் எல்லோரின் பொறுப்பு. நோய் உறுதியான பின் அவர்களுக்குக் கிடைக்கும் எம்.ஆர்.ஐ. அறிக்கையில் ஐந்து செய்திகள் தவறாமல் இருக்க வேண்டும். கட்டி ஆசனவாயிலிருந்து எத்தனை சென்டிமீட்டரில் இருக்கிறது, சுவரைத் தாண்டி எத்தனை மில்லிமீட்டர் பரவியிருக்கிறது, உறைக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது, இரத்தக் குழாய்க்குள் நுழைந்திருக்கிறதா, நிணநீர்க் கணுக்களும் கட்டித் துணுக்குகளும் தெரிகின்றனவா என்பவை அவை. ‘கட்டி இருக்கிறது, ஒப்பிட்டுப் பார்க்கவும்’ என்று முடியும் அறிக்கையால் அறுவை நிபுணருக்கு ஒரு பயனும் இல்லை.

இதற்குப் புதிய கட்டடமோ அயல்நாட்டுக் கருவியோ வேண்டாம். இருக்கும் எந்திரத்தில் சரியான கோணத்தில் படம் எடுத்து, எழுதியதைத் திசுவோடு ஒப்பிடும் பழக்கம் போதும். பேசிங்ஸ்டோக்கில் நடந்ததும் அதுதான். படத்தைப் படிப்பவரும் அறுப்பவரும் திசுவைப் பார்ப்பவரும் மாதம் ஒருமுறையேனும் ஒரே மேசையில் அமர்ந்து, அறுவைக்கு முன் எழுதியதையும் பின் கண்டதையும் அருகருகே வைத்துப் பேசட்டும். ஒவ்வொரு மருத்துவமனையிலும் அந்தக் கூட்டத்தைத் தொடங்கி, தளராமல் நடத்துவோம் என்பதே இந்த விழாவில் நாம் எடுத்துக்கொள்ளத்தக்க உறுதிமொழி.